நத்தமும் தூரமும்

ரெவின்யூ கணக்கில் நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் இந்த வகைப்பாட்டைத் தன் பெயரிலேயே சுமக்கிறது. நடுவில் நத்தம், சுற்றிப் புன்செய், அப்பால் தரிசு: கரிசல் ஊரின் பழைய அமைப்பு இவ்வளவுதான். பட்டாசு வந்து உட்கார்ந்தது அந்தத் தரிசிலும் மழை பொய்த்த புன்செய்யிலும்.

1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தீப்பெட்டி வேலை தெருவுக்குள், திண்ணை வரைக்கும் வந்தது. பட்டாசை 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் 1940, 1983, 2008 விதிகளும் ஊருக்கு வெளியே நிறுத்தின. சின்னச் சின்ன அறைகள், நடுவே இடைவெளி, ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து, வெளிப்புறம் திறக்கும் கதவுகள். ஓர் அறை போனால் அதோடு போகட்டும் என்கிற தர்க்கம். குரூரமானதுதான். ஆனால் விபத்தே நடக்காது என்று அது பாசாங்கு செய்வதில்லை. நம் ஊர்களில் எந்தத் தெருவும் இவ்வளவு யோசித்துப் போடப்பட்டதில்லை.

இந்த வரைபடம் இரண்டு பக்கமும் அழிகிறது. உள்ளே, உள்குத்தகை: ஒரே உரிமத்தின் கீழ் அறைகள் பலர் கைக்குப் போகின்றன. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த ஆலையின் கதை இதுவே. வெளியே, மனைக்கல். தூரத்தைக் காக்கும் பாரம் உரிமம் வாங்கியவர் தலையில் இருக்கிறது. நெருங்கி வந்து மனை போடுகிறவருக்கு 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம், வேறு அலுவலகம், வேறு வரைபடம்.

1654-இல் டெல்ஃப்ட் நகரின் நடுவே, பழைய கன்னிமாடம் ஒன்றில் இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஓவியர் ஃபப்ரீஷியுஸ் அதில் செத்தார். அவர் படங்களில் பெரும்பகுதியும் போயிற்று என்கிறார்கள். புதுக் கிடங்கை ஊருக்கு வெளியே கட்டினார்கள். அதே ஹாலந்தில் 2000 மே மாதம் என்ஷெடேயில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் மாண்டார்கள். 1977-இல் அது ஊருக்கு வெளியேதான் இருந்தது. கிடங்கு நகரவில்லை, ஊர்தான் நகர்ந்து வந்தது.

சிவகாசியிலும் 2016 அக்டோபர் 20 அன்று, புறவழிச்சாலைப் பக்கம் வண்டியில் பட்டாசு ஏற்றும்போது பற்றிய தீயில் 8 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பக்கத்து ஸ்கேன் நிலையத்தில் புகையில் மூச்சுத் திணறியவர்கள். வெடியின் தூரத்தைக் கணக்கிடும் சட்டத்துக்குப் புகை எவ்வளவு பொருட்டு என்று நான் யோசிப்பதுண்டு.

தூரம் நமக்குப் புதிதல்ல. ஊரையும் சேரியையும் அடிக்கணக்கில் பிரித்து வைத்தவர்கள் நாம். அந்தத் தூரத்தைத் தலைமுறைகளாகக் காவல் காத்த சமூகம், மருந்து அறைக்குத் தேவையான சில மீட்டர்களை ஒரு சீசனுக்குக் கூட விட்டுவைக்க மாட்டேன் என்கிறது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் அக்கம்பக்கத்து ஜனங்கள் ஓடினார்கள். அடுத்தடுத்து வெடித்ததில் இறந்த 38 பேரில் பலர் இவர்கள். வெடி மனிதனை நோக்கி வரும் தூரத்தைத்தான் விதிகள் அளந்திருந்தன.

சிவகாசி 2021-இல் திருத்தங்கலைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாகிவிட்டது. கிராம வரைபடத்தில் கிணறு, வண்டிப்பாதை, ஓடை எல்லாம் குறிக்கிறார்கள். கிடங்கைச் சுற்றிய பாதுகாப்பு வட்டத்தையும் அதில் ஏற்றினால், மனை வாங்குகிறவன் பத்திரம் பதிவதற்கு முன் ஒரு தடவையாவது அதைப் பார்ப்பான்.