ஒளியால் கேள்வி கேட்கும் கலைஞர்: ஓலஃபுர் எலியாசன்

ஓலஃபுர் எலியாசன் 1967-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பிறந்தவர். பெற்றோர் ஐஸ்லாந்து நாட்டினர். 1995 முதல் பெர்லினில் கலைக்கூடம் நடத்தி வருகிறார். தூரிகைக்கும் உளிக்கும் பதிலாக ஒளி, நீர்த்துளி, கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டு படைப்பவர். நாம் காண்பதில் பொருளின் பங்கு எவ்வளவு, கண்ணின் பங்கு எவ்வளவு என்பதே அவருடைய படைப்புகளில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வி.

வானவில் எங்கே இருக்கிறது?

1993-இல் அவர் அமைத்த படைப்பின் பெயர் 'அழகு'. ஓர் இருட்டறை, மேலிருந்து நுண்ணிய நீர்த்திவலைகள் விழுகின்றன, அவற்றின் மீது ஒரு விளக்கொளி. சரியான இடத்தில் நின்றால் வானவில் தெரியும். சற்று நகர்ந்தால் மறைந்துவிடும். அருகருகே நிற்கும் இருவர் காண்பதும் ஒரே வில்லன்று. ஒவ்வொருவர் கண்ணுக்கும் வெவ்வேறு துளிகளிலிருந்து ஒளி வருகிறது.

இந்த அறிவியலில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பெரிது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வஃபாத்தான இப்னு அல்-ஹைஸம் (சுமார் 965–1040), பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று தமது 'கிதாபுல் மனாளிர்' நூலில் விளக்கினார். அந்நூலின் மூன்றாம் பாகம் பார்வையில் நேரும் பிழைகளைப் பற்றியது. அதற்கு விரிவுரை எழுதிய பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு சோதித்தார். ஒளி துளிக்குள் நுழையும்போது விலகி, உள்ளே எதிரொளித்து, வெளியேறும்போது மீண்டும் விலகுவதை அவர் எடுத்துக்காட்டினார்.

நிறம் மறையும் அறை

1997-இல் எலியாசன் அமைத்த 'ஒரு நிறத்துக்கான அறை'யில் ஒரே அலைநீள மஞ்சள் ஒளி தரும் விளக்குகள் மட்டுமே எரியும். அங்கே சிவப்புச் சட்டையும் பச்சைத் தாவணியும் மஞ்சளாகவும் கருமையாகவுமே தெரியும். துணி மாறவில்லை, ஒளிதான் மாறியது. 2003-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் இத்தகைய விளக்குகளால் ஒரு செயற்கைச் சூரியனை அமைத்தார். உண்மையில் அது அரைவட்டமே. கூரையில் பதித்த கண்ணாடி மீதிப் பாதியைக் காட்டியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தனர்.

கத்தார் பாலைவனத்தில்

2022-இல் கத்தாரின் வடபகுதியில், அஸ்ஸுபாரா அருகே பாலைவனத்தில் கண்ணாடிக் கூரைகளை நிறுவினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மணலும் நாமும் தலைகீழாகத் தெரிவோம். அரைவட்ட வளையங்கள் பிம்பத்தோடு சேர்ந்து முழு வட்டமாகத் தோன்றும். வளைகுடாவில் பணிபுரியும் நம்மவர்கள் விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சென்று பார்க்கலாம்.

'என் கண்ணால் பார்த்தேன்' என்பதை நாம் இறுதிச் சாட்சியாக வைக்கிறோம். கைபேசியில் வரும் ஒரு படத்தை நம்பி உறவையே முறித்துக்கொள்வோரும் உண்டு. எங்கிருந்து பார்த்தோம், எந்த ஒளியில் பார்த்தோம் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்ட இப்படைப்புகள் நல்ல பாடம்.