நர்ஸ் பிராக்டிஷனர்: நம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு

வீட்டுப் பெண்களுக்கு உடல்நலம் சரியில்லை என்றால் பெண் மருத்துவரைத் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் "பிறகு பார்க்கலாம்" என்று நாட்களைத் தள்ளுகிறோம். மாதவிடாய்க் கோளாறையும் மார்பில் தட்டுப்படும் கட்டியையும் சொல்லக் கூசி, நோய் முற்றிய பின் மருத்துவமனைக்கு வரும் பெண்கள் உண்டு. அதே நாம்தான், மகள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டால் "இரவுப் பணி இருக்குமே" என்று தடுக்கிறோம். பார்ப்பதற்குப் பெண் வேண்டும்; படிப்பதற்கு நம் பெண் வேண்டாம் என்றால் எப்படி?

செவிலியர் படிப்பில் இன்று நர்ஸ் பிராக்டிஷனர் என்றொரு உயர்நிலை இருக்கிறது. 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் இதைத் தொடங்கினர். மருத்துவர்கள் போதாத பகுதிகளில் குழந்தைகளுக்கு முதல்நிலைச் சிகிச்சை கிடைக்கச் செய்வதே நோக்கம்.

அங்கே செவிலியர் பட்டமும் பதிவும் பெற்றவர்கள், முதுகலை அல்லது அதற்கு மேற்பட்ட படிப்பாக இதைப் பயில்கிறார்கள். உடலைப் பரிசோதிக்கும் முறை, நோய் உடலில் உண்டாக்கும் மாற்றங்கள், மருந்தியல் ஆகிய மூன்றும் அடிப்படைப் பாடங்கள். இவற்றோடு நோயாளிகளை நேரில் பார்த்துப் பல நூறு மணி நேரப் பயிற்சியும் உண்டு. குடும்ப நலப் பிரிவினர் குழந்தை முதல் முதியவர் வரை பார்ப்பார்கள். குழந்தைகள் பிரிவில் வளர்ச்சியும் தடுப்பூசியும், பெண்கள் பிரிவில் கர்ப்பகாலக் கவனிப்பும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் முக்கியம். தம்மால் முடிவது எது, மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டியது எது என்று பிரித்தறிவதே இப்பயிற்சியின் உயிர்நாடி.

நம் நாட்டில் மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட பேறுகாலச் சேவை வழிகாட்டுதலின்படி, பதிவு பெற்ற செவிலியர்களுக்கு 18 மாத மகப்பேற்று நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி உருவாக்கப்பட்டது. இயல்பான பிரசவங்களை இவர்கள் முன்னின்று நடத்துவார்கள். சிக்கல் தெரிந்தால் மருத்துவரிடம் ஒப்படைப்பார்கள். கிராமத் துணை சுகாதார நிலையங்களில் சமுதாய சுகாதார அலுவலராக, 6 மாதச் சான்றிதழ்ப் பயிற்சி பெற்றுச் செல்லும் வழியும் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் பல மாநிலங்களில் இவர்கள் தாமே மருந்து எழுதுவது போன்ற பரந்த உரிமை இங்கே இல்லை. விளம்பரங்களை நம்பி ஏமாற வேண்டாம்.

மகளுக்கு விருப்பம் இருந்தால் அடித்தளம் பிளஸ் டூவிலேயே தொடங்குகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் சேரலாம். ஜி.என்.எம். பட்டயம் 3 ஆண்டு. பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்பும் மாநிலக் கவுன்சில் அனுமதியும் உண்டா? நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனையில் பயிற்சி தருகிறார்களா? விடுதியும் போக்குவரத்தும் பாதுகாப்பானவையா?

இரவுப் பணி பற்றிய கவலை நியாயமானதே. அதற்காகப் படிப்பையே மறுக்க வேண்டியதில்லை. பாதுகாப்பான ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவோம். இன்று நாம் படிக்க அனுப்பும் பெண், நாளை ஏதோ ஓர் ஊரில் கூச்சத்தால் வாய் திறக்காத ஒரு தாயிடம், "என்ன செய்கிறது, சொல்லுங்கம்மா" என்று கேட்கும் முதல் ஆளாக இருப்பாள்.