பெற்றோர் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் தடுக்க வேண்டுமா?

“அடிச்சுப் படிப்பிச்சுக் குடுங்க சேர், நாங்க ஒண்ணும் கேட்க மாட்டோம்” என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லும் வாப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சட்டம் கேட்கும். பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றுநிருபம் வெளியிட்டது. ஆசிரியர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே அறை வீட்டில் விழுந்தால் அந்த வழி இல்லை. அடிப்படை உரிமை மனுவை அரச, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே தாக்கல் செய்யலாம். வாப்பாவின் கை அதற்குள் வராது.

மற்றச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, 18 வயதுக்குட்பட்டவரைத் துன்புறுத்தும் பொறுப்பாளருக்கு இரண்டு முதல் பத்து வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால் 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் 71(6) பிரிவு, தண்டிக்கும் உரிமை பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பாதிக்கப்படாது என்கிறது. எந்த அளவு வரை என்று அதில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து வசனம் அது. எனது கருத்தில் முதலில் நீக்க வேண்டியது அந்த வசனத்தைத்தான்.

“பொலிஸ் வீட்டுக்குள் வந்துவிடும்” என்ற பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. உம்மா வெளிநாட்டில், பிள்ளை உம்மும்மாவிடம் என்றிருக்கும் குடும்பங்கள் எமது ஊர்களில் எத்தனை! விவாகரத்து வழக்கில் இதை ஆயுதமாக்குபவர்களும் வருவார்கள். இதற்கு மற்ற நாடுகள் வழி கண்டிருக்கின்றன. 1979 இல் முதன்முதலாகத் தடை விதித்த சுவீடன், அதைக் குற்றவியல் சட்டத்தில் அல்லாமல் பெற்றோர் பற்றிய சட்டத்திலேயே எழுதியது. தனித் தண்டனை வைக்கவில்லை. பால் பெட்டிகளில்கூட விளக்கம் அச்சிட்டார்கள். நியூசிலாந்து 2007 இல், அற்பமான சம்பவங்களில் வழக்குத் தொடராமல் விடும் அதிகாரம் பொலிஸாருக்கு உண்டு என்று சட்டத்திலேயே குறிப்பிட்டது. மேற்கத்தேயச் சரக்கு என்று ஒதுக்குவோருக்கு: முஸ்லிம் நாடான தூனிசியா 2010 இல் பெற்றோர் அடிப்பதையும் தடை செய்தது.

பத்து வயதுப் பிள்ளையின் தொழுகை பற்றிய ஹதீஸைக் காட்டுபவர்கள் உண்டு. அதற்கு விளக்கம் சொல்வது உலமாக்களின் வேலை. ஆனால் அது ஏழு வயதில் சொல்லிக்கொடுப்பதில் தொடங்குகிறது. இடையிலுள்ள மூன்று வருடங்களை யார் கணக்கெடுக்கிறோம்? நான் காணும் அடிகளில் பெரும்பாலானவை தொழுகைக்காக விழுந்தவையும் அல்ல. கணக்குப் பாடப் புள்ளிக்காகவும், உடைந்த கைபேசிக்காகவும், பெரியவர்களின் களைப்பினாலும் விழுந்தவை. அடிவாங்கி வரும் பிள்ளை வகுப்பில் கை உயர்த்தாது. பிழையான விடை சொல்லப் பயப்படும் பிள்ளைக்குப் பின்னங்களைக் கற்பிப்பது எவ்வளவு கடினம் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

ஆகவே தடை வேண்டும். காயமில்லாத முதல் முறைப்பாட்டுக்குச் சிறை வேண்டாம். அது பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ நன்னடத்தை அலுவலரிடமோ போகட்டும். காயம் இருந்தால் 308அ ஏற்கெனவே இருக்கிறது. அவசரமென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம், பிள்ளையும் அழைக்கலாம்.