கடல் பிரித்த பிள்ளைகள்

நெடுந்தீவு மக்களுக்குப் பிரிவு என்பது கடலோடு பிணைந்த சொல்லாகும். குறிகட்டுவான் துறைக்கும் அத்தீவுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணம் உண்டு. முருகைக்கல் மதில் சூழ்ந்த வளவினுள்ளே பிள்ளையொன்று கடும் நோயுற்றால், பெற்றாரின் கண்கள் முதலில் நோக்குவது கடலையே. சோழகக் காற்று மூர்க்கமாக வீசுங்காலத்தில் அந்தக் கடல் எத்துணை அகன்றது என்பதைத் தீவிலே பிள்ளை வளர்த்த தாயே அறிவாள். அத்தகைய தாய்மாரின் துயரை யாழ்ப்பாணத்துக் கிறித்தவ வரலாறும் அறியும்.

1819ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்தன் துறையிலிருந்து 'இந்துஸ்' என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. அதிலே ஹரியற் என்னும் ஒரே பெயருடைய இளம் பெண்கள் இருவர் இருந்தனர். ஒருவர் மைரன் வின்சிலோவின் மனைவி. மற்றவர் வைத்தியர் ஜோன் ஸ்கடரின் மனைவி. ஸ்கடர் தம்பதியினர் தம் சிறு மகளையும் உடன் கொண்டு வந்தனர். கப்பல் கல்கத்தாவை அடைந்த சின்னாட்களில் அக்குழந்தை இறந்தது. யாழ்ப்பாணம் வந்தபின் பிறந்த மகவும் நிலைக்கவில்லை. வந்த வழியே திரும்பியிருந்தால் அவர்களை எவரும் குறை கூறியிரார். அவர்களோ 1820இல் பண்டத்தரிப்பில் தங்கி, பிறர் பிள்ளைகளின் நோய்க்கு மருந்து கொடுக்கத் தொடங்கினர்.

வின்சிலோ அம்மையார் உடுவிலிற் குடியேறினார். பெண் பிள்ளைகளுக்குக் கல்வி எதற்கு என்று ஊரார் வினவிய காலத்தில், 1824இல், அங்கே பெண்கள் தங்கிப் படிக்கும் பாடசாலையை நிறுவினார். அவருடைய மூத்த மகன் சாள்சு 1821இல் உடுவிலிற் பிறந்தவன். கல்வியின் பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவன், 1832 மே மாதத்தில், பதினோராம் வயதில், நியூயோர்க்கில் இறந்தான். மகன் மண்ணுள் மறைந்து மாதங்கள் பல சென்ற பின்னரே செய்தி கடல் கடந்து தாயை அடைந்தது. உயிரோடிருக்கிறான் என்று எண்ணி அவனுக்காகச் செபித்த நாட்கள் எத்தனையோ! 1833 ஜனவரியில் அவரும் உடுவிலில் உயிர் நீத்தார்.

இத்தகையோரைத் தாங்கிய நம்பிக்கை யாது? கிறித்தவம் துயரப்படுவோரை அழவேண்டாம் என்று தடுப்பதில்லை. இலாசருவின் கல்லறையருகே இயேசுவே கண்ணீர் விட்டார் என்று யோவான் சுவிசேடம் கூறுகின்றது. ஆகவே அழுகை விசுவாசக் குறைவன்று. இயேசு உயிர்த்தெழுந்தமையால் சாவு முடிவன்று, மறுகரையில் மீண்டும் காண்போம் என்பதே அவ்விசுவாசம். இது பிரிவின் வேதனையை நீக்கிவிடவில்லை. வேதனையோடு வாழ்வதற்கும், அதைப் பிறர்க்கு இரக்கமாக மாற்றுவதற்கும் வலிமை தந்தது.

அதன் பயனை வரலாறு காட்டுகின்றது. அம்மையார் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி இன்றும் நிலவுகின்றது. மனைவியையும் மகனையும் இழந்த மைரன் வின்சிலோ, தமது பெரும் தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டார். ஸ்கடர் தம்பதியினருக்குப் பின்னர் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுட் பலர் தென்னிந்தியாவில் தொண்டாற்றினர். அவர்களின் பேர்த்தி வைத்தியர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் வைத்தியப் பணியைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் நிறுவினார். முதல் மகளைக் கல்கத்தாவில் அடக்கஞ் செய்த பெற்றாரின் குடும்பத்தால், தாய்மாரும் குழந்தைகளும் எண்ணிறந்தோர் பிழைத்தனர்.

இதனால் அக்குழந்தைகள் இறந்தது நன்மைக்கே என்று எவரும் கூறலாகாது. எந்தத் தாயிடமும் கூறத்தகாத சொல் அது. இழந்த பிள்ளைக்கு ஈடு எதுவும் இல்லை. ஆயினும், தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாமற்போன அன்பை அயலான் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அவர்கள் அதையே செய்தனர்.

நெடுந்தீவின் துறையிலே படகை வழியனுப்பி நிற்கும் தாய், அது கண்ணுக்கு மறைந்ததும் இல்லாமற் போயிற்று என்று எண்ணுவதில்லை. மறுகரை உண்டு என்பதை அவள் அறிவாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பி, காத்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு உலை வைக்கிறாள். நம்பிக்கை என்பதும் அதுவே.