லண்டன் பிள்ளைகளும் ரப்பர் விரிப்பும்

1939 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. லண்டன் பள்ளிக்கூட வாசல்களில் பிள்ளைகள் விடியற்காலையிலேயே வரிசை கட்டி நின்றார்கள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் தொங்கும் அட்டைப்பெட்டிக்குள் விஷவாயு முகமூடி, கையில் ஒரு மாற்றுத்துணி மூட்டை. ஜெர்மானிய விமானங்கள் குண்டு போடுவதற்கு முன்னால் நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அரசின் திட்டம். மூன்றே நாளில் நாடு முழுவதும் சுமார் 15 லட்சம் பேர் இடம்மாறினார்கள். அவர்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெற்றோர் இல்லாமல் ஆசிரியர்களை மட்டும் நம்பிப் போன பள்ளிப் பிள்ளைகள். எந்த ரயிலில் யார் ஏறுவது, எந்த ஊரில் எத்தனை பேரை இறக்குவது என்பதெல்லாம் மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்ட கணக்கு. மெத்தையைப் பற்றி மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை.

முதல் வாரம் முடிவதற்குள் புகார் கிளம்பிவிட்டது. வந்த பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். சிலர் பகலிலும், வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே. இவர்கள் கைக்குழந்தைகள் அல்லர்; ஏழு, ஒன்பது, பதினொரு வயதுப் பிள்ளைகள். பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் போயின, நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது, மருத்துவ இதழ்களில் டாக்டர்கள் எழுதினார்கள். போர் தொடங்கிய மாதத்தில் ஒரு பேரரசு சிறுநீரைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது.

நான் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். எழுபதுகளில் நர்ஸ் பயிற்சிக்காக இங்கிலாந்துக்குப் போன எத்தனையோ மலேசியப் பெண்களில் ஒருத்தி. போனவள் பிள்ளைகள் வார்டிலேயே தங்கிவிட்டேன். இந்தக் கதையை முதலில் எனக்குச் சொன்னவர், எங்கள் வார்டில் துணி அறையைக் கவனித்துவந்த ஒரு அம்மாள். ஏழு வயதில் சட்டையில் சீட்டுக் குத்தி அனுப்பப்பட்டவர் அவர். ஈரமான விரிப்பின்மேல் அசையாமல் படுத்துக்கிடந்து, உடம்புச் சூட்டில் அதைக் காயவைக்கப் பார்ப்பாராம். துணி பாதி காயும்; வாடை போகாது. அதற்குள் வீட்டுக்காரி தேநீரோடு மாடியேறி வந்துவிடுவாள். லண்டனில் இருந்தவரை தனக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்று அவர் அழுத்திச் சொன்னார். அந்த வயதிலும் அதை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது.

அன்றைக்குப் பிள்ளைகள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பல ரயில்களில் பெட்டிக்குப் பெட்டி நடந்துபோகும் வழியும் இல்லை, கழிப்பறையும் இல்லை. மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள், இறங்கும்போதே நனைந்த கால்சட்டையோடு இறங்கினார்கள். அங்கிருந்து ஊர் மண்டபம். வீட்டுக்காரர்கள் வந்து, எனக்கு இந்தப் பெண், எனக்கு அந்தப் பையன் என்று பொறுக்கி எடுத்துப் போனார்கள். திடமான பையன்களை விவசாயிகள் முதலில் கொண்டுபோனார்கள். முகம் கழுவிய, தலைவாரிய சிறுமிகளும் சீக்கிரம் போய்விட்டார்கள். கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் ஒரு வீடு, தங்கை ஒரு வீடு என்று பிரிந்ததும் நடந்தது.

பிறகு இரவு. விளக்கொளி வெளியே தெரியக்கூடாது என்று போர்க்கால உத்தரவு, ஜன்னலெல்லாம் கறுப்புத்துணி. கிராமத்துப் பல வீடுகளில் கழிப்பறை தோட்டத்துக் கோடியில் இருந்தது. தெருவிளக்கைப் பார்த்தே வளர்ந்த லண்டன் பிள்ளை, முன்பின் தெரியாதவர்கள் வீட்டுப் படியில் தட்டுத்தடுமாறி இறங்கி, கதவைத் திறந்து, அந்த இருட்டில் தனியாக நடக்குமா? கட்டிலுக்கடியில் சட்டி வைத்திருந்தால்கூட அதைக் கேட்க வெட்கம். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலும் கக்கூஸ் தள்ளித்தான் இருந்தது. ஆனால் ராத்திரியில் எழுப்பினால் டார்ச் லைட்டோடு கூட வர அம்மா இருந்தார்.

வீட்டுக்காரிகள்மேல் எனக்கு முழுக் கோபம் வரவில்லை. துவைத்துத் துவைத்துக் கை வெந்தவள் நான். அந்தக் காலத்துக் கிராமத்து வீட்டில் துவைக்கிற நாள் என்றால் திங்கட்கிழமை ஒன்றுதான். செப்புக் கொப்பரையில் தண்ணீர் காய்ச்சி, சோப்புப் போட்டு வேகவைத்து, உருளைக்கு நடுவே கொடுத்துப் பிழிந்து, மழை வராமலிருக்க வேண்டிக்கொண்டு கொடியில் போட வேண்டும். அந்த வேலையைத் தினமும் செய் என்றால்? விரிப்பையாவது துவைத்துவிடலாம், இறகு அடைத்த மெத்தையை என்ன செய்வது? அரசு ஒரு பிள்ளைக்கு வாரம் பத்தரை ஷில்லிங் கொடுத்தது. ஒன்றுக்கு மேல் வைத்துக்கொண்டால் தலைக்கு எட்டரை. சாப்பாடே அதற்குள் அடங்கவில்லை என்று முணுமுணுத்தவர்கள், பாழான மெத்தைக்கு யார் காசு தருவார்கள் என்று கேட்டதில் தப்பில்லை.

தப்பு அடுத்த வரியில் இருந்தது. வசதியுள்ள வீட்டம்மாக்கள், இதெல்லாம் சேரிப் பிள்ளைகள், பெற்றவள் ஒழுங்காக வளர்க்கவில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். நேற்றுவரை காய்ந்த படுக்கையில் எழுந்த பிள்ளை இன்றைக்கு ஏன் நனைக்கிறது என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. லண்டனில் தாய்மார்கள் வந்த கடிதத்தைப் படித்துவிட்டுத் திகைத்தார்கள். பின்னாளில் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற சமூக ஆய்வாளர், போர்க்காலச் சமூகநலம் பற்றி 1950இல் வெளியிட்ட அரசாங்க வரலாற்று நூலில் இந்தப் படுக்கை விவகாரத்துக்குத் தனியாக இடம் ஒதுக்கினார். சிப்பாய்களும் கப்பல்களும் நிரம்பிய போர் வரலாற்று வரிசையில் நனைந்த விரிப்புக்கும் பக்கங்கள் கிடைத்தன என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பிள்ளையைக் குற்றம் சொல்லும் வழக்கம் அங்கே புதிதல்ல. ஆங்கிலத்தில் வந்த முதல் குழந்தை மருத்துவ நூலைத் தாமஸ் ஃபேயர் 1545இல் வெளியிட்டார். படுக்கையில் ஒன்றுக்குப் போகும் பிள்ளைக்கு அவர் சொன்ன மருந்து, சேவலின் மூச்சுக்குழாயைச் சுட்டுப் பொடித்தது, ஆட்டுக் குளம்புப் பொடி. அவரையாவது மன்னிக்கலாம், மருந்து கொடுத்தார், அடிக்கச் சொல்லவில்லை. கிராமங்களில் சுட்ட எலியைத் தின்னக் கொடுத்தார்கள். விடுதிப் பள்ளிகளோ பிரம்பை எடுத்தன. பீகாரில் மோதிஹாரியில் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1911இல் எட்டு வயதில் ஈஸ்ட்போர்னிலிருந்த விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஓரிரு வாரத்தில் படுக்கை நனையத் தொடங்கியது. அதுவோ பல ஆண்டு முன்பே விட்டுப்போன பழக்கம். அதற்காக அவர் குதிரைச் சவுக்கால் அடிபட்டார். பிற்காலத்தில் எழுதிய நீண்ட கட்டுரையில் இதையெல்லாம் அவர் விவரிக்கிறார். 1952இல், அவர் இறந்தபின், பள்ளியின் பெயரை மாற்றித்தான் அமெரிக்காவில் அதை அச்சிட முடிந்தது. இங்கிலாந்தில் வெளிவர 1968 ஆயிற்று. மானநஷ்ட வழக்குப் பயம். அவமானத்தைச் சுமந்தது பிள்ளை, சட்டத்தின் பாதுகாப்பு பள்ளிக்கு.

ஒரு பையன் நனைத்தால் அடிக்கலாம். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நனைத்தால்? சுகாதார அமைச்சு கடைசியில் காசைத்தான் எடுத்தது. படுக்கை நனைக்கும் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்குச் சலவைக்கென்று வாரம் மூன்றரை ஷில்லிங் வரை கூடுதலாகக் கொடுக்கலாம் என்று ஏற்பாடானது. ரப்பர் பூசிய விரிப்புகள் வழங்கப்பட்டன. எந்த வீடும் வேண்டாமென்று தள்ளிய பிள்ளைகளுக்கு விடுதிகள் திறந்தார்கள். மனம் இளகி இதைச் செய்ததாக நான் நம்பவில்லை. பிள்ளையின் அழுகைக்கு முன்னால் அரசின் காதில் விழுந்தது மெத்தையின் விலை. ஆனால் அந்த விலை மட்டும் பேசியிருக்காவிட்டால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பதும் என் எண்ணம்.

அந்த ரப்பர் விரிப்பை நர்ஸ்கள் மெக்கின்டாஷ் என்போம். 1823இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ் காப்புரிமை வாங்கிய, இரண்டு துணிக்கு நடுவே ரப்பரைத் தடவும் முறையின் வாரிசு அது. மெத்தைமேல் மெக்கின்டாஷ், அதன்மேல் குறுக்கே டிரா ஷீட் என்னும் சிறு விரிப்பு, இரண்டையும் சுருக்கம் விழாமல் இழுத்துச் செருக வேண்டும் என்று முதல் மாதமே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். விரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாடை தெரியும். எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டு விலகுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்காட்டுக்குப் போவார். 1939இல் பிரிட்டன் வாங்கிய ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் டச்சுத் தீவுகளிலிருந்தும் போனது. லண்டன் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே கிடந்த விரிப்பில் எங்கள் ஆட்கள் வெட்டிய பால் இருந்திருக்கலாம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மலாயா ரப்பர் நின்றது, பிரிட்டனில் ரப்பருக்குப் பெரும் தட்டுப்பாடு. மலாயாவில் ஜப்பான்காரன் எங்கள் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினான். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அப்பாக்கள் போன பிறகு லயத்தில் எத்தனை பிள்ளைகளின் பாய் ராத்திரியில் நனைந்தது என்பதற்கு எந்த மருத்துவ இதழிலும் கடிதம் கிடையாது. பாயைக் கழுவி வெயிலில் போட்டால் காய்ந்துவிடும், அதற்கு யாரிடமும் பணம் கேட்க வேண்டியதில்லை. கணக்கில் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

இங்கிலாந்து டாக்டர்களில் சிலர் சீக்கிரமே விழித்துக்கொண்டார்கள். 1939 டிசம்பர் 16ஆம் தேதி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஜான் பவுல்பி, இமானுவேல் மில்லர், டொனால்ட் வின்னிக்காட் மூவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள்: இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது மனத்தைப் பெரிதாகக் குலைத்துவிடும் என்று. கேம்பிரிட்ஜில் உளவியலாளர் சூசன் ஐசக்ஸ் தலைமையில், டாட்டன்ஹாமிலிருந்தும் இஸ்லிங்டனிலிருந்தும் வந்த பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அந்தக் குழு ஓர் எளிய காரியம் செய்தது. இங்கே உனக்குப் பிடித்தது என்ன, இங்கே இல்லாமல் ஏங்குவது எதற்கு என்று பிள்ளைகளையே எழுதச் சொன்னது. அக்காள் தம்பியைச் சேர்த்து வைத்த இடங்களில் பிள்ளைகள் நன்றாக நிலைத்தார்கள் என்பது 1941இல் வந்த அவர்கள் அறிக்கையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவைப்பட்டதே என்று எனக்குத் தோன்றும்.

வின்னிக்காட் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் விடுதிகளுக்கு ஆலோசகராகப் போய்வந்தார். யாரும் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்; கிளேர் பிரிட்டன் என்ற சமூகப் பணியாளர் கூட இருந்தார், பின்னாளில் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். இழந்ததைத் திருப்பிக் கேட்கும் பிள்ளை மற்றவர்களுக்குத் தொல்லையாகத்தான் தெரியும், அந்தத் தொல்லைக்குள் நம்பிக்கை இருக்கிறது என்ற வின்னிக்காட்டின் பிற்காலக் கருத்துக்கு வேர் அந்த விடுதிகளில் இருக்கிறது. அழகான கருத்து. ஆனால் விரிப்பு மாற்றுகிறவள் என்ற முறையில் எனக்கு ஒரு சண்டை உண்டு. போருக்குப் பிந்திய தலைமுறை எல்லாவற்றையும் மனத்தில் ஏற்றிவிட்டது. ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை பகலிலும் இரவிலும் திடீரென்று நனைத்தால், யார் திட்டினார்கள், எந்த வீடு மாறியது என்று விசாரிக்குமுன் மூத்திரத்தைச் சோதிக்க வேண்டும். கிருமித்தொற்று இருக்கலாம். மலச்சிக்கலில் இறுகிய குடல் மூத்திரப்பையை அழுத்தலாம். தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டு உடம்பு இளைத்தால் சர்க்கரை நோய், அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. 1939 டாக்டரிடமும் சோதனை இருந்தது: பெனடிக்ட் நீலக் கரைசலில் சில சொட்டு மூத்திரம் விட்டுச் சூடாக்கினால், சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று திரும்பும். மருந்தும் இருந்தது, 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டுப் பதினேழு ஆண்டு ஆகியிருந்தது. அதற்கு முந்திய காலத்தில் அப்படி நனைக்கத் தொடங்கிய பிள்ளையை வளர்ப்பு சரியில்லை என்று திட்டிக்கொண்டிருக்கும்போதே அது செத்துப்போயிருக்கும்.

1946இல் கர்டிஸ் குழு, பெற்றோர் பராமரிப்பில்லாத பிள்ளைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. வின்னிக்காட் அதன்முன் சாட்சி சொன்னார். 1948இல் பிள்ளைகள் சட்டம் வந்தது. பவுல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தாய்ப் பராமரிப்பு பற்றிய தன் அறிக்கையை எழுதினார். ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்டில் தாய் கூடவே தங்கலாம் என்று பிற்காலத்தில் கதவு திறந்ததற்கு இந்த வரிசையும் ஒரு காரணம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் அந்தக் கதவு அரைகுறையாகத்தான் திறந்திருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்துத் தாய்மார்களை வெளியே அனுப்பிவிட்டு, ராத்திரி ஷிப்டில் டிரா ஷீட் மாற்றிக்கொண்டிருப்போம்.

துணி அறை அம்மாள் 1945இல் லண்டனுக்குத் திரும்பியபோது பதின்மூன்று வயது. கிராமத்தில் முதல் குளிர்காலத்தோடு அவருக்கு அது நின்றுபோயிருந்தது. சொந்த வீட்டில், ஏறக்குறைய அந்நியராகிவிட்ட பெற்றோரின் பக்கத்து அறையில், மறுபடி தொடங்கியது. அவருடைய தாய் விரிப்பை வாளியில் ஊறவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாராம்: எல்லாம் அந்தக் கிராமத்துக்காரி பழக்கிவிட்டது, என் கையில் இருந்தவரை பிள்ளை சுத்தமாகத்தான் இருந்தாள்.