பலகைக்கு வெளியே ஒரு கணக்கு

'லெவே ஆன் மாஸ்' என்ற பலகை விளையாட்டை ஆட எதிராளி வேண்டாம். 2010இல் விக்டரி பாயிண்ட் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வெளியிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் போர்கள்தாம் களம். நடுவில் பாரிஸ். அதை நோக்கிப் பல பாதைகள், பாதைக்கொரு பகைப்படை. சீட்டு ஒன்றை எடுத்தால் எந்தப் படை முன்னேறும், நமக்கு எத்தனை செயல்கள் கிடைக்கும் என்று அதில் இருக்கும். கிடைத்த செயல்களைக் கொண்டு பகடை உருட்டலாம். படையின் வலிமை எண்ணைவிடக் கூடுதலாக விழுந்தால் அது பின்வாங்கும். செயல்களை உள்நாட்டு அரசியலுக்கும் செலவிடலாம். ஒரு படை பாரிசுக்குள் நுழைந்துவிட்டால் தோல்வி.

தனியாக ஆடுவது நமக்குப் புதிதல்ல. பல்லாங்குழியில் ஒருவர் மட்டும் ஆடும் வகைக்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சிறையிருந்த சீதை ஆடியது என்பார்கள். அது அடைபட்டவளின் தனிமை. பாரிஸ் பலகையின் முன் உட்காருகிறவருக்கோ ஆள்பவரின் தனிமை வாய்க்கிறது. வரைபடத்தை மேலிருந்து பார்க்கிறார், படைகளை எண்ணுகிறார், செயல்களைப் பங்கிடுகிறார். அந்தச் செயல்களைச் செய்து முடிப்பவர்கள் அவர் கண்ணில் படுவதில்லை.

விளையாட்டின் பெயர் ஓர் ஆணையின் பெயர். 1793 ஆகஸ்ட் 23 அன்று பிரான்சின் தேசியப் பேரவை பிறப்பித்த பொதுப் படைதிரட்டல் ஆணை அது. வேலையை அது ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தது. இளைஞர்கள் போருக்குப் போக வேண்டும். மணமான ஆண்கள் ஆயுதம் வார்க்கவும் உணவுப்பொருள் ஏற்றிச்செல்லவும் வேண்டும். பெண்கள் கூடாரமும் உடையும் தைக்க வேண்டும், மருத்துவமனைகளில் பணிசெய்ய வேண்டும். குழந்தைகள் பழந்துணியைப் பிரித்துக் காயத்துக்கு வைத்துக் கட்டும் இழைகளாக்க வேண்டும். முதியவர்கள்கூடப் பொதுச்சதுக்கங்களுக்குப் போய் வீரர்களுக்கு ஊக்கமூட்ட வேண்டும். பெண்களின் தையலையும் பணிவிடையையும் போரின் பகுதியாக அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் இது. பலகையில் அது 'செயல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகிறது.

ஊசி நூலோடு நிற்கப் பெண்கள் தாமாக ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1792 மார்ச் 6 அன்று பவுலின் லெயோன் என்ற பெண், 300க்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்ட மனுவைச் சட்டமன்றத்தில் வாசித்தார். ஆயுதமும் பயிற்சியும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கேட்காமலே களத்துக்குப் போனவர்களும் உண்டு. ஃபெர்னிக் சகோதரிகள் இருவர் தளபதி டுமூரியேயின் படையில் சேர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் ழெமாப் போரில் பங்கெடுத்தார்கள். 1793 ஏப்ரல் 30 அன்று வந்த ஆணை, படைகளிலிருந்த பெண்களை வெளியேறச் சொன்னது. விலக்குப் பெற்றவர்கள் சலவைப் பெண்களும் வீரர்களுக்கு உணவும் மதுவும் விற்ற பெண்களும்தான். சலவைக்குப் படைப்பிரிவு ஒன்றுக்கு நான்கு பேர் என்று எண்ணிக்கையும் வகுத்தது.

சலவை என்றதும் சோப்பைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆணைக்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரி 24 அன்று, பாரிசின் சலவைப் பெண்கள் பேரவையின் முன் வந்து நின்றார்கள். ஒரு பவுண்டு 14 சூவுக்குக் கிடைத்த சோப்பு 22 சூ ஆகிவிட்டது என்பது அவர்கள் முறையீடு. அடுத்த இரண்டு நாளும் மக்கள் மளிகைக் கடைகளுக்குள் புகுந்து சர்க்கரைக்கும் சோப்புக்கும் தாங்களே விலை வைத்தார்கள். ஆளும் நாற்காலியிலிருந்து பார்த்தால் இது கலகம். வரிசையில் நின்றவளுக்கு இது கணக்கு.

அந்தக் கணக்குக்காக நான் ஒரு விதி சேர்த்து ஆடுகிறேன். பலகைக்கு வெளியே பத்துப் புளியங்கொட்டைகளை வைத்துக்கொள்வேன். ஒரு செயலுக்கு ஒரு கொட்டை செலவு. தீர்ந்துவிட்டால் பகடையைத் தொட முடியாது. மூன்று கொட்டைகளைத் திரும்பப் பெற ஒரு செயலை விட்டுக்கொடுக்க வேண்டும். ரொட்டிக்கும் சோப்புக்கும் ஓய்வுக்குமான செயல் அது. இப்படி ஆடினால் பெரும்பாலும் தோற்றுப்போகிறேன். ஆனால், பகைப்படை பாரிசுக்கு ஒரு கட்டம் தள்ளி நிற்கும்போது ரொட்டிக்காக ஒரு செயலைக் கொடுக்க மனம் வராமல் கை நிற்கிறதே, அங்கேதான் அரசுகள் எப்படி முடிவெடுக்கின்றன என்பது புரிகிறது. 'இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்' என்று பெண்களிடம் சொல்லும் குரல் நம் வாயிலிருந்தே வருகிறது.

உள்நாட்டு அரசியலைக் குடியரசு, முடியாட்சி, சர்வாதிகாரம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது விளையாட்டு. ஒன்று ஏறலாம், ஒன்று இறங்கலாம். 1793 அக்டோபர் 30ஐ இந்த மூன்றில் எதில் குறிப்பது? லெயோனும் கிளேர் லகோம்பும் அந்த மே மாதம்தான் புரட்சிக் குடியரசுப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். பெண்களுக்கு அரசியல் உரிமை பொருந்தாது என்று அமார் என்ற உறுப்பினர் அறிக்கை வாசித்தார்; பேரவை எல்லாப் பெண்கள் சங்கங்களையும் தடைசெய்தது. நான்கு நாள் கழித்து, 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் டி கூஜின் தலை கில்லட்டினில் வீழ்ந்தது. மன்னனும் இதைச் செய்யவில்லை, படையெடுத்து வந்தவனும் செய்யவில்லை. பாரிசைக் காத்துக்கொண்டிருந்த குடியரசே செய்தது.

போர்களின் வரலாற்றில் 1792 செப்டம்பர் 20 வால்மி வெற்றியின் நாள். அதே நாளில் பாரிசில் சட்டமன்றம் மணவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றியது. இருவரும் ஒப்பினால் பிரியலாம்; மனம் ஒத்துப்போகவில்லை என்று மனைவியும் கேட்கலாம். 1804இல் நெப்போலியனின் சட்டத் தொகுப்பு அதைக் குறுக்கியது. 1816இல் மன்னராட்சி மணவிலக்கையே ஒழித்தது. 1884இல்தான் அது திரும்ப வந்தது. வால்மியில் வென்றது நிலைத்ததா என்று கேட்பவர்கள் இந்தச் சட்டத்தின் கதையையும் கேட்க வேண்டும்.

பாரிஸ் விழாமல் கடைசிச் சீட்டுவரை வந்துவிட்டால் பலகையின் கணக்கில் நாம் வென்றவர்கள். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்குச்சாவடிக்குப் போனது 1945 ஏப்ரல் 29 அன்று. படைதிரட்டல் ஆணை அவர்களுக்குக் கூடாரம் தைக்கும் வேலையைக் கொடுத்து அப்போது 151 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.