யார் இந்த ஆன் சங்-கி? 5 வயதில் கேமரா முன் நின்றவர், தென் கொரியாவின் ‘தேசத்தின் நடிகர்’ ஆனது எப்படி?

‘ஸ்குவிட் கேம்’ பார்த்தவர்களுக்கு லீ ஜங்-ஜேவைத் தெரியும். ‘பாராசைட்’ பார்த்தவர்களுக்கு சாங் காங்-ஹோவைத் தெரியும். ஆனால் இவர்களுக்கெல்லாம் மூத்தவர், கொரியாவில் தாத்தா முதல் பேரன் வரை எல்லோருக்கும் தெரிந்த ஒரு முகம் உண்டு. அவர்தான் ஆன் சங்-கி. 2026 ஜனவரி 5-ம் தேதி, தனது 74-வது வயதில் சியோலில் காலமானார்.

2019-ல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டே நடித்தார், வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. 2022-ல் ஒரு திரைப்பட விழாவுக்கு முகம் வீங்கி, விக் வைத்துக்கொண்டு வந்தபோதுதான் ரசிகர்களுக்கே விஷயம் தெரிந்தது. 2025 டிசம்பர் 30-ம் தேதி வீட்டில் சாப்பிடும்போது உணவு தொண்டையில் சிக்கி, இதயத் துடிப்பு நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாட்கள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை.

சரி, ஒரு நடிகரின் மறைவுக்கு ஒரு நாடே ஏன் இவ்வளவு கலங்கியது?

வியட்நாம் மொழி படித்தவருக்கு வேலை கிடைக்கவில்லை

1952-ல் பிறந்தவர். அப்பா சினிமா தயாரிப்பில் இருந்தவர். அந்தப் பழக்கத்தில் இயக்குநர் கிம் கி-யங், 1957-ல் ‘தி ட்வைலைட் ட்ரெயின்’ படத்தில் சிறுவன் ஆன் சங்-கியை நடிக்க வைத்தார். அதே இயக்குநரின் ‘தி ஹவுஸ்மெய்ட்’ (1960) படத்திலும் அந்த வீட்டுப் பையன் இவர்தான். ‘பாராசைட்’ எடுத்த போங் ஜூன்-ஹோ, தன்னைப் பாதித்த படமாகச் சொல்வது இந்த ‘ஹவுஸ்மெய்ட்’டைத்தான். குழந்தை நட்சத்திரமாக மட்டும் சுமார் 70 படங்கள்.

பிறகு சினிமாவை விட்டுவிட்டார். 1970-ல் ஹான்குக் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வியட்நாம் மொழியைப் பாடமாக எடுத்தார். அப்போது வியட்நாம் போரில் அமெரிக்காவுக்கு ஆதரவாக கொரிய ராணுவம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். அந்த மொழி தெரிந்தால் வேலை நிச்சயம் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் 1975-ல் சைகோன் வீழ்ந்தது, போர் முடிந்தது. நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கியவரை எந்தப் பெரிய நிறுவனமும் எடுக்கவில்லை. தெரிந்த ஒரே தொழிலுக்கு, அதாவது நடிப்புக்கு, 1977-ல் திரும்பி வந்தார்.

குழந்தை நட்சத்திரங்கள் பெரியவர்களாகி ஜெயிப்பது எந்த ஊர் சினிமாவிலும் அபூர்வம். இவருக்கும் மூன்று வருஷம் பிடித்தது. 1980-ல் லீ ஜாங்-ஹோ இயக்கிய ‘எ ஃபைன், விண்டி டே’ வெளியானது. கிராமத்திலிருந்து சியோலுக்கு வந்து, சீன ஹோட்டலில் டெலிவரி வேலை பார்க்கும் திக்குவாய் இளைஞனாக நடித்தார். அந்த வருடம் மே மாதம்தான் குவாங்ஜூ நகரில் மக்கள் போராட்டத்தை ராணுவம் சுட்டு ஒடுக்கியிருந்தது. பேச முடியாமல் திணறும் ஒரு ஏழைப் பையனை, வாய் திறக்க முடியாத நாடு திரையில் பார்த்தது. கிராண்ட் பெல் விருதில் சிறந்த புதுமுகம் ஆனார். இத்தனைக்கும் திரைக்கு வந்து 23 வருஷம் ஆகியிருந்தது!

அடுத்த வருடம் இம் குவான்-டேக்கின் ‘மண்டலா’வில் புத்த துறவி. 1984-ல் ‘வேல் ஹன்டிங்’கில் பிச்சைக்காரர். 80-களில் கொரிய சினிமா என்றாலே ஆன் சங்-கி என்ற நிலை வந்தது.

விளம்பரப் பலகை மேல் இரண்டு பேர்

அவருடைய படங்களில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், ‘சில்சு அண்ட் மன்சு’வை (1988) சொல்லலாம். பார்க் குவாங்-சு இயக்கியது. இரண்டு பேர் கட்டடங்களின் மேல் சினிமா, மது விளம்பரங்களை வரைகிறவர்கள். ஆன் நடித்த மன்சு திறமைசாலி. ஆனால் அவனுடைய அப்பா கம்யூனிஸ்ட் என்று பல வருடங்களாகச் சிறையில் இருப்பவர். அதனால் மன்சுவுக்கு பாஸ்போர்ட் கிடையாது, வெளிநாட்டு வேலை கிடையாது. ஒருநாள் வேலை முடிந்து பலகையின் உச்சியில் ஏறி, சும்மா ஊரைப் பார்த்துக் கத்துகிறார்கள். கீழே இருக்கும் போலீஸ், இது ஏதோ போராட்டம் என்று நினைத்துப் படையோடு வந்துவிடுகிறது. அவர்கள் சொல்வது கீழே கேட்காது. கீழே இருப்பவர்கள் நினைப்பது அவர்களுக்குப் புரியாது. ஜனநாயகம் திரும்பிய அடுத்த வருடமே இப்படி ஒரு படம்.

இதில் சில்சுவாக நடித்தவர் பார்க் ஜூங்-ஹூன். இந்த ஜோடி ‘டூ காப்ஸ்’ (1993), ‘நோவேர் டு ஹைட்’ (1999), ‘ரேடியோ ஸ்டார்’ (2006) என்று மொத்தம் நான்கு படங்களில் சேர்ந்தது. ‘நோவேர் டு ஹைட்’டில் அதிகம் பேசாத கொலைகாரன். பூசான் நகரின் 40 படிக்கட்டில், மழையில் நடக்கும் அந்தக் கொலைக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. ‘ரேடியோ ஸ்டார்’ அதற்கு நேர் எதிர். மார்க்கெட் போன ராக் பாடகரை விட்டுப் போகாத மேனேஜர். நிஜ வாழ்க்கையில் தனக்கு மிக நெருக்கமான பாத்திரம் இதுதான் என்று ஆன் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்துக்கு இருவருக்கும் சேர்த்தே ப்ளூ டிராகன் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள்.

வேலைக்கு உதவாத அந்த வியட்நாம் படிப்பு என்ன ஆனது? 1992-ல் ‘வைட் பேட்ஜ்’ படத்தில், வியட்நாம் போரின் நினைவுகள் துரத்தும் எழுத்தாளராக நடித்தார். மூன்று லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை அனுப்பிய ஒரு நாடு, அந்தப் போரை வெற்றிக் கதையாக இல்லாமல் காயமாகப் பார்த்த படம் அது. டோக்கியோ திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்றது. பதினொரு வருடம் கழித்து வந்த ‘சில்மிடோ’தான், கொரியாவில் ஒரு கோடி டிக்கெட் விற்ற முதல் படம். அதிலும் இவர் உண்டு.

தெருவில் நின்ற நட்சத்திரம்

கொரிய தியேட்டர்கள் வருடத்தில் 146 நாட்கள் உள்நாட்டுப் படங்களைக் காட்ட வேண்டும் என்பது விதி. அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசுவதற்காக அரசு 2006-ல் இதை 73 நாட்களாகக் குறைத்தது. எதிர்த்து நடிகர்கள் ஒவ்வொருவராகத் தனிநபர் போராட்டம் நடத்தினார்கள். சியோலின் குவாங்வாமுனில், பிப்ரவரி குளிரில் பதாகையோடு முதல் ஆளாக நின்றவர் ஆன் சங்-கி. அரசு பின்வாங்கவில்லை. கொரிய சினிமா அழிந்தும் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. யாரோடும் சண்டை போடாதவர் என்று பெயர் எடுத்தவர் தெருவுக்கு வந்ததுதான் அப்போது பெரிய செய்தி.

சிறந்த நடிகருக்கான கிராண்ட் பெல் விருதை ஐந்து முறை வாங்கியிருக்கிறார். வேறு யாரும் அதைத் தொடவில்லை. கிசுகிசு கிடையாது. 1993 முதல் யுனிசெஃப் நல்லெண்ணத் தூதர். வெட்கமாக இருக்கிறது என்று நெருக்கமான காதல் காட்சிகளைத் தவிர்த்தவர். முப்பது வருடங்களுக்கும் மேலாக ஒரே காபி பிராண்டின் விளம்பரத்தில் வந்ததால், சினிமா பார்க்காதவர்களுக்கும் வீட்டு மனுஷன் ஆகிவிட்டார். ‘தேசத்தின் நடிகர்’ பட்டம் ஆரம்பத்தில் தன்னைக் கட்டிப்போட்டதாகவும், பின்னால் அதுவே நல்ல வழியில் நடத்தியதாகவும் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக வெளியான படம் 2023-ன் ‘நோர்யாங்’. கொரிய அரசு, கலைத்துறைக்கான தங்க மகுட விருதை மறைவுக்குப் பின் வழங்கியது. சியோலின் மியோங்டாங் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில், அவருடைய ஏஜென்சியை நிறுவிய லீ ஜங்-ஜேவும் ஜங் வூ-சங்கும் முன்னால் நின்று வழியனுப்பினார்கள்.

இவருடைய படம் எதுவுமே பார்த்ததில்லையா? ‘ரேடியோ ஸ்டார்’ல ஆரம்பிங்க. பழைய படங்கள் வேண்டுமென்றால், கொரிய திரைப்பட ஆவணக் காப்பகம் தன் யூடியூப் சேனலில் பல கிளாசிக் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகவே வைத்திருக்கிறது.